கழுவின காசு

அத்தியாயம் 11

"ஒரு கொலை கேஸாவது வராதான்னு நானும் வாயைப் பிளந்துக்கிட்டுக் காத்திருக்கேன். மறுபடியும் கண்ணீர் கேஸ்தான் மேடம்" என்றான் குண்டூசி, மாடிப்படியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டதும்.

குண்டூசி என்பது யாரோ வயிற்றெரிச்சலில் வைத்த பெயர். அவன் படியேறினால் கீழே சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்ப்பார். அந்தக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் துப்பறியும் நிலையம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்கிறவர்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்துப்போன ஓர் அம்மாள் அதை நடத்தினார். கழுத்தில் எந்நேரமும் பூதக்கண்ணாடி தொங்கியதால் தெருவே அவரை லென்ஸ் அம்மா என்றது. குண்டூசி மட்டும், சம்பளம் தருகிறவர் என்ற மரியாதைக்கு, மேடம் என்பான்.

வந்தவள் நர்ஸம்மா. வசதியானவர்களின் வீட்டோடு தங்கி, படுத்துவிட்ட பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. கையிலிருந்த பையைத் திறந்து தட்டையான நீலப் பெட்டிகளை மேஜை மேல் அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் வெல்வெட்டில் வட்ட வட்டமாகக் குழி, குழிக்கு ஒரு வெள்ளிக் காசு, மேலே ஒரு கண்ணாடித் தகடு.

"காசை மாத்திட்டாம்மா அந்தக் கடைக்காரன். பார்த்துட்டு விலை சொல்றேன்னு உள் ரூமுக்கு எடுத்துட்டுப் போனான். திரும்பி வந்து, இது எதுக்கும் ஆகாதுங்கறான். என்னோட நல்ல காசை எல்லாம் எடுத்துக்கிட்டு வேற எதையோ வெச்சுட்டான்!"

"முதல்ல உக்காருங்க. இது உங்களுக்கு எப்படி வந்தது?" என்றார் லென்ஸ் அம்மா.

கதை அழுகைக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது. நர்ஸம்மா பல வருஷம் ஒரு பணக்கார அம்மாளுக்குப் பணிவிடை செய்தாள். அந்த அம்மாள் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் நர்ஸுக்கு ஒரு பெட்டி, டிரைவருக்கு ஒரு பெட்டி என்று பரிசு கொடுப்பாள். செலவுக்குப் போகிற காசு இல்லை. சேகரிக்கிறவர்களுக்காக நாணயச் சாலையே தனியாக அடித்துப் பெட்டி போட்டு விற்கிற காசு. 'திறக்காதே, காத்துகூடப் படக்கூடாது. அப்படியே வெச்சிருந்தா ஒருநாள் வீடாகும்' என்று சொல்லிக் கொடுப்பாளாம்.

"நான் திறக்கவே இல்லைம்மா. கொடுத்த கையோட டிரங்குப் பெட்டியில போட்டுப் பூட்டிடுவேன். சாவி இதோ" என்று கழுத்துச் சங்கிலியை இழுத்துக் காட்டினாள். "குளிக்கறப்பகூடக் கழட்டினதில்லை. வித்துடலாம், வித்துடலாம்னு என் வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டே இருப்பாரு. நான் முடியவே முடியாதுன்னுடுவேன். எங்க வீட்டுச் சண்டையே அது ஒண்ணுதான்."

"இப்ப மட்டும் ஏன் விக்கப் போனீங்க?"

கணவருக்கு இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது. ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பணம் கட்டினால்தான் ஆஸ்பத்திரியில் தேதி. தெரிந்த கதவையெல்லாம் தட்டியாயிற்று. சொந்தக்காரர்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது இந்தப் பெட்டிகள்தான்.

"டிரைவர் போன வருஷம் தன்னோடதை இதே கடையில வித்து வீடு கட்டிட்டான்மா. அவனுக்கு வீடு வந்தா எனக்கு என் வீட்டுக்காரர் உயிராவது வர வேண்டாமா?"

"அவர் என்ன வேலை பார்த்தாரு?"

"ஓட்டல்ல இருந்தாரு" என்றவள் மறுபடியும் அழ ஆரம்பித்ததால் அந்தக் கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

பார்த்ததுமே வழக்கு முடிந்துவிட்டதாகக் குண்டூசிக்குத் தோன்றியது. உள் ரூம், கடைக்காரன், ஏமாந்த ஏழைப் பெண். "மேடம், நான் போய் அவன் கடை வாசல்ல சும்மா நின்னாலே போதும். கடைக்குள்ள வெளிச்சம் அடைபட்டு அவனே வழிக்கு வந்துடுவான்" என்றான்.

---

நாணயக் கடைக்காரர் அதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை. ஒல்லியான மனிதர், ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கியபடியே பேசினார்.

"மாத்திட்டேன்னு சொல்றாங்களா? சொல்லட்டும். கெட்ட சேதி சொல்றவன்தான் எல்லாருக்கும் திருடன்."

கண்ணாடி அலமாரியைத் திறந்து வேறொரு நீலப் பெட்டியை எடுத்து வந்தார். டிரைவரிடம் வாங்கியது. அதையும் நர்ஸம்மாவின் பெட்டியையும் விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டிரைவரின் காசு ஓரமெல்லாம் மஞ்சளும் நீலமுமாகக் கறை ஏறி, மங்கிக் கிடந்தது. நர்ஸம்மாவின் காசு கண்ணைக் கூச வைத்தது.

"இதுல எது நல்ல காசு? சொல்லுங்க பார்ப்போம்" என்று குண்டூசியைக் கேட்டார்.

"இதென்ன கேள்வி? ஜொலிக்கறதுதான்."

"அதனாலதான் நீங்க அந்தப் பக்கம் நிக்கறீங்க, நான் இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்." கடைக்காரர் லென்ஸை நீட்டினார். "நல்லாப் பாருங்க. முடி முடியா கீறல் தெரியுதா? தேய்ச்சு விட்டிருக்காங்க. இந்தக் காசுக்கு மேல்தோல்தான் விலை. தானா கறுத்தா விலை குறையாது, சிலருக்கு அந்தக் கறுப்புதான் வேணும். ஆனா துணி பட்டுதோ, போச்சு. கழுவின காசும்பாங்க எங்க தொழில்ல. ஒருத்தனும் தொட மாட்டான்."

"இப்ப என்ன போகும்?" என்றார் லென்ஸ் அம்மா.

"வெள்ளி எடைக்குத்தான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் டாக்ஸிக்குக் காணும். உள்ளே போகக் காணாது."

குண்டூசி தன் பெரிய உடம்பை முன்னால் சாய்த்தான். "ஏன் சார், நல்லதை உருவிக்கிட்டு, கழுவினதை நீங்களே வெச்சிருக்கக் கூடாது?"

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் லென்ஸ் அம்மாவே பதில் சொன்னார். "அந்த அம்மா சொல்லிக்கிட்டு வரலை குண்டூசி, திடீர்னு வந்திருக்காங்க. எந்தெந்த வருஷத்துக் காசு கொண்டுவருவாங்கன்னு இவருக்கு எப்படித் தெரியும்? அத்தனை வருஷத்துக்கும் கழுவின செட்டை முன்கூட்டியே வாங்கி உள்ளே அடுக்கி வெச்சிருக்கணும். ஒருத்தனும் தொடாத சரக்கைக் கடை நிறைய வாங்கி வெச்சுக்கிட்டுக் காத்திருக்கற வியாபாரியை நீ எங்கயாவது பார்த்திருக்கியா?"

"என்னைத்தான் வேலைக்கு வெச்சிருக்கீங்களே மேடம். யாரும் தொடாத சரக்கு."

லென்ஸ் அம்மா ஒரு காசை ஓரமாகப் பிடித்துத் தூக்கி, காலிக் குழியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். வெல்வெட்டின் மூலையில் ரோஜா நிறத்தில் ஏதோ பொடி ஒட்டியிருந்தது. புடவைத் தலைப்பில் குத்தியிருந்த ஓர் ஊசியை உருவி, லேசாகக் கிளறினார். மேலே மாவு மாதிரி உதிர்ந்தது. அடியில் சுண்ணாம்பு மாதிரி இறுகி, ஊசி இறங்க மறுத்தது.

"இது ஒருநாள் வேலை இல்லை. வருஷக்கணக்கா, திரும்பத் திரும்ப யாரோ துடைச்சிருக்காங்க. பழைய பொடி கல்லாயிடுச்சு, புதுசு இன்னும் வாசனைகூடப் போகாம இருக்கு" என்றார்.

குண்டூசிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. வில்லன் கைநழுவிப் போனால் அவனுக்குப் பசிகூட சரியாக எடுக்காது.

புறப்படும்போது கடைக்காரர் குரலை இறக்கிக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். எத்தனையோ கழுவின காசு என் கையில வந்திருக்கு. இவ்வளவு பளபளப்பா ஒரு காசை என் ஆயுசுல பார்த்ததில்லை. துடைச்சவன் யாரோ, பெரிய கைகாரன். அதுதான் வயித்தெரிச்சல்."

---

நர்ஸம்மாவின் வீடு ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்த ஜன்னலோடு இருந்தது. சுவரில் பெயிண்ட் உரிந்து தொங்கியது. ஆனால் கதவுக் குமிழ் மட்டும் தகதகவென்று மின்னியது. குண்டூசி குனிந்து அதில் முகம் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டான். "வாடகையில கண்ணாடியும் சேர்த்தி போல" என்றான்.

டிரங்குப் பெட்டி முன்னறையில் சுவரோரமாக இருந்தது. மூடியெல்லாம் துரு. பூட்டில் சாவி நுழையவே அடம்பிடித்தது. திருகியபோது போட்ட கீச்சுச் சத்தத்தில் குண்டூசிக்குப் பல் கூசியது.

"இந்தப் பூட்டைத் திருட்டுச் சாவி போட்டுத் திறந்தா தெருமுனைக்குக் கேக்கும் மேடம்."

"ஆமா. அப்படின்னா பூட்டை யாரும் தொடலை." லென்ஸ் அம்மா நர்ஸம்மாவிடம் திரும்பினார். "அவருக்கு மாத்திரை குடுக்கற நேரம்னு சொன்னீங்களே, நீங்க வெந்நீர் வைங்க. நாங்க பார்த்துக்கறோம்."

அவள் சமையலறைக்குள் போனதும், இருவருமாகப் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தார்கள். பெட்டியின் பின்பக்கம் மூடியைவிட மோசமாகத் துருப்பிடித்திருந்தது. மூடியைத் தாங்கும் கீல் இரண்டும் துரு. ஆனால் கீலுக்குள் செருகியிருந்த ஆணிகள்?

"இங்க வா குண்டூசி. என்ன தெரியுது?"

"என் மூஞ்சி தெரியுது மேடம். ஆணி சைஸுக்கு இளைச்சுப்போய் நல்லாத்தான் இருக்கேன்."

"ஆணி புதுசா?"

அவன் ஜோக்கை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தான். "இல்லை. பழசுதான், தேய்ஞ்சிருக்கு. ஆனா பளிச்சுன்னு இருக்கு."

"பூட்டு முன்னால. ஆள் பின்னால வந்து ஆணியை உருவி, மூடியைக் கழட்டிக் காசை எடுத்திருக்கான். வேலை முடிஞ்சதும் பழையபடி ஆணியைச் செருகியிருக்கான். அதெல்லாம் சரி. செருகறதுக்கு முன்னாடி அதைத் துருப் போகத் துடைச்சு, மினுக்கி, அப்புறம் செருகியிருக்கான். எந்தத் திருடன்டா இப்படிச் செய்வான்?"

"சுத்தமான திருடன்" என்று ஆரம்பித்த குண்டூசி சட்டென்று திரும்பினான். அவன் கண் கதவுக் குமிழுக்குப் போனது. அங்கிருந்து ஜன்னல் தாழ்ப்பாளுக்கு. அதுவும் மின்னியது. சமையலறை வாசல் வழியே குழாய் தெரிந்தது. பக்கத்தில் ஒரு டப்பாவில் கரண்டிகள். உரிந்துபோன அந்த வீட்டில், டிரங்குப் பெட்டியைத் தவிர, உலோகம் என்று இருந்த ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி இருந்தது.

"கையில எது கிடைச்சாலும் துடைக்காம கீழே வைக்கத் தெரியாத ஒருத்தர்" என்றான் மெல்ல. "வேண்டாம் மேடம். நாம இப்படியே போயிடலாம்."

லென்ஸ் அம்மா கேட்காத மாதிரி உள்ளறைக் கதவைத் தட்டினார்.

நர்ஸம்மாவின் கணவர் மூன்று தலையணைகளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் போலிருக்கிறது. உதடு நீலம் பூத்திருந்தது. ஆனால் முகத்தில் நல்ல சிரிப்பு.

"வாங்க, உக்காருங்க. காசுக் கடையிலேர்ந்தா?"

"காசு விஷயமாத்தான் வந்தோம்."

"என்ன சொன்னாரு கடைக்காரரு? இவளைக் கேட்டா ஒழுங்கா பதிலே வரலை. பொருள் எப்படி இருக்குன்னாரு?"

வாழ்நாள் முழுக்கப் பொய்யர்களைப் பிடித்த லென்ஸ் அம்மா ஒரு கணம் தடுமாறினார். பிறகு, "இவ்வளவு பளபளப்பா ஒரு காசை ஆயுசுலயே பார்த்ததில்லைன்னாரு. துடைச்சவர் பெரிய கைகாரர்னாரு" என்றார்.

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த மனிதரின் முகம் அப்படியே மலர்ந்தது. குண்டூசிக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"தம்பி, அந்தக் கதவைச் சாத்துங்க. அவ காதுல விழுந்தா சண்டைக்கு வருவா."

குண்டூசி கதவருகே போனான். வெளியே வெந்நீர் டம்ளரோடு நர்ஸம்மா நின்றிருந்தாள். அவன் செய்வதறியாமல் பார்த்தான். அவள் உதட்டின் மேல் விரலை வைத்தாள். குண்டூசி கதவைப் பாதி மட்டும் சாத்திவிட்டு வந்தான்.

"பெரிய ஓட்டல்ல வெள்ளிச் சாமான் ரூம் என் பொறுப்பு. கரண்டி, தட்டு, கூஜா எல்லாம்" என்று ஆரம்பித்தார் அவர், ஒரு வாக்கியத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கியபடி. "விருந்தாளி முகம் தட்டுல தெரியணும், அதுதான் கணக்கு. இவ காசைப் பூட்டி வெச்சுக்கிட்டு, தொடாதே தொடாதேம்பா. பெட்டித் துருவைக்கூடத் துடைக்க விடமாட்டா. ஒருநாள் இவ டூட்டிக்குப் போனப்ப, ஆணியைக் கழட்டிப் பார்த்தேன். பார்த்தா, காசு கறுத்துக் கிடக்கு! என் மனசு கேக்கலைங்க. நான் இருக்கற வீட்டுல வெள்ளி கறுக்கறதா? அவ என்னிக்காவது ஆசையாத் திறந்து பார்க்கறப்ப கருகருன்னு இருந்தா, அந்தப் பணக்கார அம்மா மட்டமான பொருளைக் குடுத்துட்டாங்கன்னுதானே நினைப்பா?"

"அதனால துடைச்சீங்க."

"வருஷா வருஷம். வெள்ளி துடைக்கற ரோஸ் கலர் ஓட்டல் பொடிதான், நல்ல பொடி. அவ வெச்சுக்கணும்பா, நான் விக்கணும்பேன். எதுவானாலும் பொருள் பளிச்சுன்னு இருக்கணுமில்ல?" அவர் குரலை இறக்கிச் சிரித்தார். "கடைசியா, சரி விக்கறேன்னு அவளே சொன்னா பாருங்க, எனக்காக. மறுநாள் கடைக்கு எடுத்துட்டுப் போகணும். முந்தின நாள் அவ வெளியில போனப்ப, எழுந்து உக்காந்து எல்லாத்தையும் இன்னொரு தரம் துடைச்சேன். ரொம்ப மூச்சு வாங்கிச்சு. நடுவுல போயிடுவேனோன்னுகூடப் பயந்தேன். ஆனா, நம்ம உயிருக்கு வாங்கற விலை, மங்கலா போகக்கூடாதுன்னு முடிச்சுட்டுத்தான் படுத்தேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் டம்ளர் எதன் மேலோ மோதும் சத்தம் கேட்டது.

---

முன்னறையில் நர்ஸம்மா டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழுகை எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. அதற்கு அழுகையே தேவலை என்று குண்டூசிக்குத் தோன்றியது.

"துடைச்சதாலன்னு அவருக்குத் தெரிய வேண்டாம். அதுக்கு முதல்லேர்ந்தே விலை கிடையாதாம்னு சொல்லிடுங்களேன்" என்றான், தாங்க மாட்டாமல்.

"டிரைவர் வீட்டை நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தவருங்க. நம்ப மாட்டாரு."

"கடைக்காரன் ஏமாத்திட்டான்னு..."

"விழுந்து எழுந்தாவது அந்தக் கடைக்குப் போய்ச் சண்டை போடுவாரு. அவன் விளக்கடியில வெச்சு உண்மையைக் காட்டிடுவான்."

"தொலைஞ்சு போச்சுன்னு சொன்னா?"

"பெட்டியைத் திறந்து பார்ப்பாரு." அவள் கழுத்துச் சங்கிலியைத் தடவினாள். "சாவி எதுக்கு அவருக்கு? நானும் இத்தனை வருஷம் இதைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்."

துப்பறிகிறவர்கள் கண்டுபிடிப்பதோடு சரி. கண்டுபிடித்ததை என்ன செய்வது என்று எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் லென்ஸ் அம்மாவுக்குச் சொல்லித் தரவில்லை. குண்டூசி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது முதல்முறையாகக் கிழடுதட்டித் தெரிந்தது.

நர்ஸம்மா எழுந்தாள். நீலப் பெட்டிகள் இருந்த பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்தது.

"என்னங்க."

"வா வா. என்ன, தேதி குடுத்துட்டாங்களா ஆஸ்பத்திரியில?"

"நான் விக்கலைங்க." குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நோயாளிகளிடம் பேசிப் பழகிய குரல். "வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். குடுக்க மனசு வரலை."

"அப்ப நான்?" என்றார் அவர்.

அந்த ஒரு கேள்விக்கு எந்தப் பொய்யையும் அவள் தயார் செய்து வைத்திருக்கவில்லை என்று குண்டூசிக்குப் புரிந்தது. அவனுக்கு உள்ளே ஓடிப்போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் போலிருந்தது. லென்ஸ் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி விடு" என்றார் கணவர் கடைசியில். "நீ ஆரம்பத்துலேர்ந்து அதைத்தானே சொல்லிட்டிருந்தே. வெச்சுக்கணும், வெச்சுக்கணும்னு. எனக்குன்னு வந்தா உன் மனசு மாறிடும்னு நான்தான் நினைச்சுட்டேன்." கட்டில் கிரீச்சிட்டது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசலில் நர்ஸம்மா பர்ஸைத் திறந்து எதையோ எடுக்கப் போனாள். லென்ஸ் அம்மா அதை மூடி அவள் கையிலேயே வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு தெருவில் இறங்கினார். பின்னால் வந்த குண்டூசி கதவைச் சாத்தியபோது குமிழில் அவன் விரல்ரேகை படிந்துவிட்டது. சட்டை நுனியால் அதைத் துடைத்தான்.

"கேஸை என்னன்னு முடிக்கறது மேடம்?"

"நாம தோத்துட்டோம்னு."

தெரு ஜன்னலும் உள்ளறைக் கதவும் திறந்திருந்தன. ஜன்னலைக் கடக்கும்போது, கட்டில் ஓரத்தில் நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நர்ஸம்மா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்த கணவர் திரும்பாமலே பேசினார்.

"வெச்சுக்கறதுன்னா ஒழுங்கா வெச்சுக்க. இனிமே நான் துடைக்க முடியாது. தலையணைக்கு அடியில துணி இருக்கு, எடுத்துக்க."

அவள் எடுத்தாள். கண்ணாடித் தகட்டைத் தூக்கி, முதல் காசை வெளியே எடுத்து, துடைக்க ஆரம்பித்தாள்.

"மெதுவா இல்லை. நல்லா அழுத்து" என்றார் அவர். "அப்பத்தான் பளபளப்பு நிக்கும்."